கலவரம் என்று நான் எழுதாத புகார்

புதன்கிழமை காலை 9.40. ஆலங்குடி போகும் சாலையில் காலிக் குடங்களை வரிசையாக வைத்துப் பதினாறு பெண்கள் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒரு பேருந்து மேலே போக முடியாமல் நின்றது. 11.05க்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, சாயங்காலத்துக்குள் மோட்டாரைச் சரிசெய்வதாகச் சொன்னார். குடங்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். நான் அவர்களுடைய கிராமத்தின் வி.ஏ.ஓ., கிராம நிர்வாக அலுவலர். ஓரமாக நின்று எல்லாவற்றையும் நேரத்தோடு நாட்குறிப்பில் எழுதினேன்.

மாலையில் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. இப்படிப்பட்ட வழக்குகளில் புகார்தாரர் பெரும்பாலும் வி.ஏ.ஓ.தான். புகாரை ஸ்டேஷனிலேயே டைப் செய்து வைத்திருப்பார்கள். நாம் போய்க் கையெழுத்துப் போடுவோம். படிக்காமல் நானும் இரண்டு முறை போட்டிருக்கிறேன்.

அன்று படித்தேன். 'கலவரத்தில் ஈடுபட்டு, பேருந்தின் மீது கற்களை வீசி' என்று இருந்தது. ஏதோ பழைய புகாரில் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். மூன்றாவது பெயர் செல்வி. நர்ஸ் வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் வெரிபிகேஷனுக்காகக் காத்திருந்த பெண். வழக்கு விழுந்தால் வேலை போய்விடும்.

"கல்லு யாரும் எறியலையே சார்," என்றேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "கலவரம்னா கல்லும் சேந்துதான் வரும். போடுங்க வி.ஏ.ஓ. சார், டீ ஆறுது."

கலவரம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் போஸ்டிங்கில், வேறொரு ஊரில் பார்த்தேன். வைக்கோல்போர் எரிந்தது. மாடுகள் கட்டறுத்து ஓடின. ஒரு தாய் கதவைத் தாழிட்டு, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மறுநாள் சேத ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லை எழுதியவன் நான். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் முகம் பார்த்துப் பேச ஒரு வருஷம் ஆயிற்று. தண்ணீர் கேட்டு ரோட்டில் உட்காருவதற்கு மறியல் என்று பெயர்.

"வெள்ளப் பேப்பர் குடுங்க சார். நான் பாத்தத நானே எழுதித் தாரேன்."

"தாசில்தார்ட்ட பேசவா?"

"பேசுங்க. அவருட்டயும் இதத்தான் சொல்லுவேன்."

பேசினார். போன் என் கைக்கு வந்தது. ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று தாசில்தார் கேட்டார். நாட்குறிப்பை 9.40 முதல் 11.05 வரை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, பார்த்ததையே எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

மறியல் என்று எழுதினேன். கல் வீசப்படவில்லை, பேருந்துக்குச் சேதமில்லை, தாங்களாகவே கலைந்து சென்றனர் என்றும் எழுதினேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "இது புகாரா, அந்தப் பொம்பளைகளுக்கு நற்சான்றா?" என்றார். தாளை மடித்து மேசை டிராயரில் போட்டார். வழக்கு பதிவாகவில்லை. செல்வி வேலையில் சேர்ந்தார்.

பதினெட்டாம் நாள், 'நிர்வாக நலன் கருதி' என்னைப் பொன்னமராவதிப் பக்கம் மாற்றினார்கள். உத்தரவு கைக்கு வந்த நேரத்தையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.

புதிதாகச் சேரும் வி.ஏ.ஓ.க்களுக்கு, ஓய்வுபெற்றவன் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் முழுதும் படியுங்கள். பார்க்காததை எழுதியிருந்தால் பேனாவை மூடுங்கள். டீ ஆறினால் ஆறட்டும்.