மூச்சு முடிகிற இடத்தில் முதல் அடி

என் அத்தான் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பஞ்சிங் மெஷினில் வேலை பார்க்கிறார். பத்தொன்பது வருடமாக அதே மெஷின். நிமிடத்துக்கு இருபது தடவை அது அட்டையை அறையும். அவர் ஒரு காலத்தில் ராக் பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. போன வருடம் வரை எனக்கும் தெரியாது.

அக்கா வீட்டுக் கட்டிலை நகர்த்தியபோது அடியில் ஒரு பெட்டி அகப்பட்டது. உள்ளே பிரிக்காத சிடிகள், நூற்று முப்பதுக்கு மேல். ‘ஈரச் சுவர்’ என்று பேண்டின் பெயர். அட்டைப் படத்தில் மூன்று பேர். ஓரத்தில் முடி வளர்த்த ஒல்லி ஆள் அத்தான்.

“இருநூறு போட்டோம். வித்தது போக மிச்சம் கட்டிலுக்குக் காவல் இருக்கு,” என்றார்.

அன்றே ஒரு சிடியைப் பிரித்துப் போட்டுக் கேட்டேன். மற்ற பேண்டுகளில் குச்சியைத் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணித் தொடங்குவார்கள். இவர்கள் எண்ணவில்லை. பாடகர் மைக்கருகே மூச்சை உள்ளே இழுப்பார். அது முடிகிற இடத்தில் டிரம் விழும். ஏழு பாட்டும் அப்படித்தான். அத்தானை ஒரு வார்த்தை கேட்காமல் ஏழையும் இணையத்தில் ஏற்றினேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

எங்கெங்கிருந்தோ ஆட்கள் கேட்டார்கள். எல்லோரும் அந்த மூச்சைப் பற்றியே எழுதினார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு சொல்லாமல் கொள்ளாமல் பேண்டை விட்டுப் போன பாடகர் ஒருநாள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். வாசல்படிக்குக் குனிந்து நுழைகிற ஆள், பட்டப்பெயர் நெட்டை. இப்போது இன்சூரன்ஸ் வேலை. பேஸ் கிட்டார் வாசித்தவர் பல் டாக்டராகியிருந்தார். சின்ன அரங்கு ஒன்றில் நிகழ்ச்சி முடிவானது. டாக்டருடைய கிளினிக் மாடியில் ஞாயிறு காலைகளில் பயிற்சி. நானும் கூடப் போவேன்.

முதல் நாளே அத்தான் பிந்தினார். நெட்டை மூச்சை இழுத்து முடித்து ஒரு கணம் கழித்துத்தான் டிரம் வந்தது.

“என்னப்பா, பஸ் லேட்டா?” என்றார் நெட்டை.

“வயசாச்சுல்ல. இங்க பல்லுக்கு மட்டும்தான் டாக்டர் இருக்கார்.”

“வாயைத் தொறங்க, மிச்சத்தையும் பாத்துடறேன்,” என்றார் டாக்டர்.

சிரித்தார்கள். அத்தானின் கண் மட்டும் நெட்டையின் தோளை விட்டு நகரவில்லை. மூச்சு இழுத்தால் தோள் ஏறும். அக்கா எப்போதும் அவருக்கு வலப்பக்கமே உட்காருவது ஞாபகம் வந்தது. திரும்பி வரும்போது அவருக்கு இடப்பக்கமாக நடந்து, “அத்தான், செருப்பு வார் அறுந்திருக்கு,” என்றேன். அவர் குனியவில்லை.

வலப்பக்கம் வந்து கேட்டேன்.

“இடது சுத்தமா போச்சு. வலது பாதி. எல்லாம் மெஷின் புண்ணியம்,” என்றார். “உங்க அக்காவுக்குத் தெரியும். அவங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம்டா. மூச்சு கேக்காதவன் இந்த பேண்டுல எதுக்கு?”

தோளைப் பார்த்தே நாலு வாரம் ஓட்டினார். அதற்குள் அரங்குக்காரர், முதல் பாட்டை முழு இருட்டில் தொடங்க வேண்டும், மூச்சு மட்டும் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கடைசிப் பயிற்சியில் ஜன்னல்களை மூடி விளக்கை அணைத்தார்கள். மூச்சு கேட்டது. டிரம் விழவில்லை. மறுபடி மூச்சு. மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாவது முறை நெட்டை விளக்கைப் போட்டார்.

“வேணும்னேதானே பண்ற? நான் விட்டுட்டுப் போனதுக்கு இப்ப பழிவாங்கற. நாலு வாரமா ஒவ்வொரு பாட்டுக்கும் என்னைக் காக்க வைக்கிற.”

அத்தான் குச்சிகளைத் தொடைமேல் வைத்தார்.

“கோவம் இருக்கு. இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா இது அது இல்ல. எனக்குக் காது கேக்கலை.”

நெட்டை ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்துவிட்டார். டாக்டர், “குச்சி தட்டியே ஆரம்பிச்சுடலாமே,” என்றார்.

“தட்டினா அது வேற பேண்டு,” என்றார் நெட்டை. அத்தானும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நிகழ்ச்சியன்று விளக்குகள் அணைந்ததும் முந்நூறு பேரும் அசையாமல் இருந்தார்கள். மூச்சுக்குத்தான் காத்திருந்தார்கள். மூச்சு வரவில்லை. டிரம் விழுந்தது.

“மூச்சு எங்கடா போச்சு?” என்றான் என் பக்கத்தில் நின்றவன்.

விளக்கு வந்தபோது மைக் முன்னால் ஆள் இல்லை. நெட்டை டிரம்முக்குப் பின்னால் வளைந்து நின்றிருந்தார். அவர் வாய் அத்தானின் பிடரிக்கு வெகு அருகில் இருந்தது. கை அத்தானின் முதுகில். மூச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது, தோலில். அவர் நீளக் காலை எட்டிப்போட்டு மைக்குக்கு ஓடிவருவதற்குள், பாவம், டாக்டர் ஒரே சுரத்தை எட்டு முறை வாசித்துவிட்டார்.

அதன்பின் மூன்று நாள் அத்தானின் வலது காதுக்குள் இரைச்சல் நிற்கவில்லை. காது டாக்டர், இப்படி இன்னும் இரண்டு மேடை ஏறினால் இதுவும் போய்விடும் என்றார். இணையத்தில் சிலர் பழைய மூச்சு போச்சு என்று எழுதினார்கள். ஆனாலும் வேறு இரண்டு ஊர்களில் கூப்பிட்டார்கள். தேதியை உறுதி செய்ய நெட்டை தினமும் போன் செய்கிறார்.

அக்கா என்னோடு முன்போலப் பேசுவதில்லை. ஒருமுறை தட்டைக் கழுவிக்கொண்டே, “நீ பாட்டுக்குக் கட்டிலை நகர்த்தாம போயிருக்கலாம்,” என்றாள்.

நேற்று அத்தான் வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விரல்கள் முழங்காலில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. மேசையில் போன் அடித்தது, அவருக்கு இடப்பக்கத்தில். திரையில் நெட்டையின் பெயர். அக்கா சமையலறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள்.

அவருக்குக் கேட்கவில்லையா, கேட்டும் எடுக்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அது அடித்து ஓயும் வரை நான் அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.