விறகுக் காம்பராவின் தரை

"...முப்பது வருசமா இந்தக் கையால பூசுறேன் தங்கச்சி. நான் போட்ட தரையில ஒரு சொட்டுத் தண்ணி நின்னுச்சுன்னு எவனாச்சும் சொல்லட்டும், இந்தப் பூச்சுக் கரண்டிய சாக்கடக் கான்ல வீசிட்டுப் போயிடுறேன்!"

மேசன் அண்ணன் சொன்னதில் பொய்யில்லை. தண்ணீர் நிற்கவில்லைதான். ஓடியது. எந்தப் பக்கம் ஓடியது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் அன்று காலை சண்டை.

என் வீட்டுக்காரர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கக்கூசோ தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, பள்ளத்தில், பாசி பிடித்த பதினான்கு படி இறங்கினால்தான். "அதுக்கென்ன, லயத்துப் பொடியன்மாரு தூக்கிட்டுப் போவாங்க" என்று போனில் ஆறுதலாகச் சொல்லிவிட்டேன். சொன்னதுதான் தாமதம், மனுஷனுக்கு வந்ததே கோபம்.

"என்னைய என்ன கொழுந்து மூட்டைன்னு நெனச்சியா, தூக்கி எறக்க? நான் லயத்துக்கே வரல. மஸ்கெலியாவுல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அங்க எல்லாம் வீட்டுக்குள்ளயே இருக்கு."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் ஒரு வாரம்கூடப் பிரிந்து இருந்ததில்லை. நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் மஸ்கெலியாவில் போய் உட்கார முடியாது. அவரும் சொன்னால் சொன்னதுதான். அதனால், அடுப்பங்கரைக்குப் பின்னால் விறகு அடுக்கும் சின்ன அறையான காம்பராவை, அவர் வருவதற்குள் கக்கூசும் குளிக்கிற இடமுமாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்களுடையது லயத்தின் கடைசி வீடு. விறகுக் காம்பராவின் பக்கவாட்டு வெளிச்சுவருக்குக் கீழேதான் அந்தக் கக்கூசுக் குழி. குழாய் போட வசதி.

ஞாயிற்றுக்கிழமை பழைய கொங்கிரீட்டை அண்ணன் கடப்பாரை போன்ற அலவாங்கால் உடைத்தார். நாலு குத்தில் பெயர்ந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் ரொட்டிக் கனம்தான். அடியில் கறுப்பு மண், மலைப் பக்கத்திலிருந்து ஊற்றுத் தண்ணீர் கசிந்து சதசதவென்று கிடந்தது. "இதுக்கு மேல இத்தன வருசம் விறகு காஞ்சுச்சுங்களா? அதிசயம்தான்!" என்றார். மணல் லொறி மேல் ரோட்டோடு நின்றுவிட்டது. லயத்துச் சனமே கொழுந்துச் சாக்கில் அள்ளிச் சுமந்து இறக்கியது. சுமந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை. ஜன்னலை அடை என்றார் ஒருவர், அகட்டு என்றார் இன்னொருவர். கொமட்டை எந்தத் திசை பார்த்து வைப்பது என்று இரண்டு பேர் தேத்தண்ணி ஆறும்வரை வாதாடினார்கள். உட்காரப் போகிற மனுஷன் ஆஸ்பத்திரியில்.

திங்கட்கிழமை தரை போடும் நாள். நான் சோற்றுப் பார்சலோடு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. போகும்முன் மூன்று தடவை சொன்னேன். "அண்ணே, தண்ணி பள்ளத்துப் பக்கம் போவணும். குழாய் ஓட்டை அந்தச் சுவத்துலதான் இருக்கு."

"சரிங்க தங்கச்சி, சரிங்க."

மனம் கேட்காமல் அடுப்புக் கரியால் சுவரில் பெரிதாக ஒரு அம்புக்குறியும் போட்டுவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்தபோது தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது. ஈரச் சாக்கு போட்டு மூட ஆயத்தமாக நின்றார் அண்ணன். சுவரின் கீழ்ப்பகுதியையும் அழகாகப் பூசியிருந்தார், என் அம்புக்குறியையும் சேர்த்து.

வியாழக்கிழமை காலை சாக்கை எடுத்துவிட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அது பள்ளத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அடுப்பங்கரைக்கு வந்தது, அடுப்பின் காலை நனைத்தது, முன் காம்பராவைத் தாண்டி, முன் திண்ணையான இஸ்தோப்பில் இறங்கி, வாசல் கானில் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா இஸ்தோப்பில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் போவதைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, இன்னிக்கே தீவாளிக்குக் கழுவுறியா?" என்றார்.

அதுதான் விஷயம். எங்கள் லயங்களில் பின்னால் மலை, முன்னால் கான். பண்டிகைக்கு வீடு கழுவினால் பின்னால் ஊற்றி விளக்குமாற்றால் தள்ளுவோம், தண்ணீர் வாசல் வழியே போய்விடும். எல்லாத் தரையும் வாசலைப் பார்த்தே சரியும். தோட்டத்தின் மூன்று டிவிசனிலும் அண்ணன் போட்டது அந்தத் தரைதான். வாய் எனக்குச் சரி என்று சொன்னது, கை தன் பாட்டுக்கு வாசல் பக்கம் வாட்டம் கொடுத்துவிட்டது.

தன் வேலைப் பலகைகளை எடுத்துப்போக வந்த அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்தக் கரண்டிப் பேச்சு. நான் வாளியை நீட்டினேன். ஊற்றினார். தண்ணீர் அவர் கால்விரலைச் சுற்றிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனது.

"கொஞ்சம் தண்ணிதானேங்க. தொடச்சுக்கலாம்."

"யாரு தொடைக்கிறது? நான் மலையில நிப்பேன். அவரு ரெண்டு கட்டைய ஊண்டிக்கிட்டு இந்த ஈரத்துல வந்தா, மத்தக் காலும் போயிருமே அண்ணே!"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. என் வீட்டுக்காரர்தான். கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"சனிக்கிழமை ஆஸ்பத்திரியில டிக்கட் வெட்டி வெளிய அனுப்புறாங்களாம். நான் எங்க வர? வீட்டுக்கா, தங்கச்சி வீட்டுக்கா? இப்பவே சொல்லு, வேன்காரன் கேக்குறான்."

அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அதன் மேல் ஜன்னல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு கிடந்தது. அப்படி ஒரு தரை இந்த லயத்தில் வேறு எவர் வீட்டிலும் இல்லை.

"மச்சான், வீட்டுக்கே வாங்க," என்று போனைப் பார்த்துக் கத்தினார். "மேல் பூச்ச மட்டும் கொஞ்சம் திருப்பிப் போட இருக்கு. பலகை போட்டுத் தாறேன், சனிக்கிழமை அதுமேல நடக்கலாம்."

பிறகு ஜன்னலுக்கு வெளியே வெற்றிலையைத் துப்பிவிட்டு, மூலையில் சாத்தியிருந்த அலவாங்கை எடுத்து, தான் மெழுகிய தரையின் நட்ட நடுவில் ஓங்கிக் குத்தினார்.