உரோமாபுரியும் மச்சாளின் கையெழுத்தும்

என்னிடமிருந்த கிரேக்க உரோம நாகரிகப் புத்தகம் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் தொடங்கியது. அதற்கு முந்திய பக்கங்களில் கிரேக்கம் இருந்தது. தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது மழையில் நனைந்து ஒட்டிப்போன அந்தப் பாதியை, வற்றாப்பளையில் கொட்டில் போட்ட முதற் கிழமையிலேயே அம்மா அடுப்பு மூட்ட எடுத்துவிட்டார். நான் அழுதேன். "மிச்சம் கிடக்குத்தானே, அதைப் படி" என்றார். மிச்சம் கிடந்தது உரோமாபுரி. நூல் பிரிந்து, ஓரங்களைக் கறையான் அரித்திருந்த அந்தப் பாதிப் புத்தகத்தைக் கோணி ஊசியால் தைத்து, சீமெந்துப் பையின் தாளால் உறை போட்டுத் தந்தவர் என் மச்சாள்.

மச்சாள் என் ஒரே அண்ணாவின் மனைவி. என்னைவிட ஆறு வயது மூத்தவர். வன்னியில் ஜெயபுரத்தில் வளர்ந்தவர், பிறந்தது மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். கலவரத்துக்குத் தப்பி அவருடைய பெற்றோர் வன்னிக்கு வந்தபோது அவருக்கு நாலு வயது. இருபது வருடம் வன்னியில் இருந்தும், வீட்டில் பேசிய தோட்டத்துத் தமிழ் அவருடைய நாக்கை விட்டுப் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்குக் குடியேறி வயல் செய்த குடும்பம் எங்களுடையது. அண்ணா அவரைக் கூட்டி வந்த நாளில் அம்மா பேசிய பேச்சுகளை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மச்சாள் சமைத்ததை அம்மா ஒரு வருடம் சாப்பிடவில்லை. அண்ணா ஏதோ அலுவலாகக் கொழும்புக்குப் போனார். சண்டையால் வன்னிக்கு வரும் பாதை பூட்டுப்பட்டது. அங்கிருந்து வெளிநாடு போய்ச் சேர்ந்தார். பிறகு மூன்று நாலு மாதத்துக்கொரு கடிதம் வந்தது. கொட்டிலில் நாங்கள் மூன்று பெண்கள் எஞ்சினோம்.

அப்போது வன்னியை விட்டு வெளியே போக, அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். இளம் வயதுக்காரருக்கு அது இலேசில் கிடைக்காது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான கடிதம் இருந்தால் தருவார்கள். ஆகவே உயர்தரப் பரீட்சை எனக்குப் பரீட்சையாக இருக்கவில்லை, வாசலாக இருந்தது. மற்றப் பாடங்களுக்கு மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் இருந்தார்கள். இந்தப் பாடத்துக்கு ஒருவரும் இல்லை. "உரோமத்தைப் படிச்சு என்னடி செய்யப்போறாய், சிரைக்கவோ?" என்று அம்மா பகிடி பண்ணுவார். மச்சாள் சிரிக்கமாட்டார். காலையில் கச்சான் தோட்டத்தில் கூலிக்குக் களை பிடுங்கிவிட்டு மத்தியானம் வருவார். பாலை மரத்தின் கீழ் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க தங்கச்சி, பாடமாக்கினத" என்பார். நான் சொல்வேன். அவர் விரலால் வரி பிடித்துக்கொண்டே வருவார்.

அப்படித்தான் இரண்டு பேரும் உரோமாபுரிக்குள் போனோம். யூலை, ஓகஸ்ட் என்று நாங்கள் சொல்வது உரோமத் தலைவர்களின் பெயர்கள் என்றபோது மச்சாளுக்குப் பெரிய ஆச்சரியம். ஒக்டோபர் என்றால் எட்டு, ஆனால் அது பத்தாம் மாதமாக இருக்கிறதே என்று நான் குழம்பினேன். "அப்ப அவங்களும் எங்கயோ எண்ணுறதில விட்டுட்டாங்க" என்று அவர் ஆறுதல் சொன்னார். சட்டங்களைப் பன்னிரண்டு பலகைகளில் எழுதிச் சந்தையடியில் எல்லோரும் பார்க்க நிறுத்தினார்கள் என்ற இடத்தில் விரலை எடுக்காமல் நின்றார். "எது செய்யலாம், எது செய்யக்கூடாதுன்னு முன்கூட்டியே தெரியும், என்னா?" என்று கேட்டார். நாங்கள் இருந்த இடத்தில் அது மற்றவர் வாயால்தான் தெரியவரும். சிலவேளை பிந்தித் தெரியவரும்.

விமானம் சுற்றும் நாட்களில் புத்தகத்தோடு பங்கருக்குள் இறங்குவோம். மூன்று பேர் முழங்காலை மடக்கி இருக்கலாம், நிமிர ஏலாது. தென்னங்குற்றிகளுக்கு இடையால் மண் உதிரும். "சத்தமா வாசிங்க, அந்தச் சத்தம் கேக்காது" என்பார் மச்சாள். பேரரசிலிருந்த சுதந்திர மனிதர் எல்லோருக்கும் ஒரே கட்டளையில் குடியுரிமை கொடுத்த பகுதியை நான் அங்கேதான் வாசித்தேன். மச்சாள் குறுக்கிட்டார்.

"எல்லாருக்குமா?"

"அடிமையளுக்கு இல்லை."

"எங்க அப்பா இந்த நாட்டிலதான் பொறந்தார். கடசிவரைக்கும் அவருக்குக் கெடைக்கல்ல. அடிமையுமில்ல அவர்." தலையில் உதிர்ந்த மண்ணைத் தட்டிவிட்டு, "மேல வாசிங்க" என்றார். அன்றைக்குப் பிறகு அம்மா மச்சாளைத் 'தோட்டக்காடு' என்று இளப்பமாகப் பேசி நான் கேட்கவில்லை.

இன்னொரு பகுதி அவரை விடவேயில்லை. கார்த்தேஜ்காரரிடம் கைதியாக அகப்பட்ட ஓர் உரோமத் தளபதி. சமாதானம் பேசிவிட்டுத் திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்து ஊருக்கு வருகிறான். சமாதானம் வேண்டாம் என்று தன் ஆட்களுக்கே புத்தி சொல்லிவிட்டு, கொல்லப்படுவோம் என்று தெரிந்தும் திரும்பிப் போகிறான். அவனுடைய பெயர் மச்சாளின் வாயில் நுழையவில்லை. 'திரும்பிப் போனவன்' என்றுதான் சொல்வார். "அவனுக்குப் பொஞ்சாதி இல்லையா?" என்று கேட்டார். இருந்தாள், அவளின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனானாம் என்றேன். "நல்ல மனுசந்தான். ஆனா அவகிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல்ல."

பரீட்சையில் குடியுரிமை பற்றிய கேள்வி வந்தது. ஐந்து பக்கம் எழுதினேன். மலைநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருப்பதாகக் கடிதம் வந்தபோது அம்மா என்னைக் கட்டிப்பிடித்தார். மச்சாள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்து மடித்துத் தந்தார்.

பாஸ் கந்தோர் புதுக்குடியிருப்பில் இருந்தது. சைக்கிளை மச்சாள் மிதித்தார். நான் பின்னால் இருந்தேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் மரியாதையான ஆள். "ஆர் பிணை நிக்கிறது?" என்று கேட்டார். அம்மாவுக்கு வயது கூட, ஏற்க ஏலாது என்றார். மச்சாள் முன்னுக்கு வந்தார்.

"அக்கா, இவ திரும்பி வந்து காட்டும்வரைக்கும் உங்களுக்குப் பாஸ் இல்லை. என்ன அவசரமெண்டாலும் வெளியில போகேலாது. விளங்குதோ?"

"ஓம், விளங்குது."

முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதினார். திரும்பும்போது வழி முழுக்கப் பேசவில்லை. நான் பிரியப்போகிற கவலை என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம், அதை மறைப்பதே பெரும் பாடாக இருந்தது.

பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டாம் மாதம் அண்ணாவின் கடிதம் விடுதிக்கு வந்தது. 'மச்சாளுக்கு என்ன நடந்தது? விசா நேர்முகத்துக்குத் திகதி கிடைச்சிட்டுது, எப்பிடியாவது பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வரச்சொல்லி எழுதினனான். பதில் இல்லை. என்னோட கோவமோ?' மச்சாளுக்கு எழுதிய நாளையும் குறித்திருந்தார். எண்ணிப் பார்த்தேன். நாங்கள் புதுக்குடியிருப்புக்குப் போவதற்கு முன்பே அந்தக் கடிதம் மச்சாளின் கைக்கு வந்திருக்க வேண்டும்.

நான் அண்ணாவுக்கு எழுதிய பதிலில் ஒரு வரிதான் இருந்தது: 'பாதை பூட்டு.' அது பொய்யில்லை, அடிக்கடி பூட்டுத்தான். ஆனால் முதலாம் வருட விடுமுறையில் ஆறு கிழமை பாதை திறந்திருந்தது. வன்னிப் பிள்ளைகள் சிலர் போய் வந்தார்கள். நானும் போய் என் முகத்தைக் காட்டியிருந்தால் மச்சாளின் பிணை தீர்ந்திருக்கும். போனால் மறுபடி வெளியே விடுவார்களோ என்ற பயம். என் அடையாள அட்டையில் வன்னி விலாசம் இருந்தபடியால் பல்கலைக்கழகம் இருந்த ஊரிலும் பொலிஸில் பதிவு, சோதனை, விளக்கம் எல்லாம் இருந்தன. ஆனாலும் ஒருவரையும் கேட்காமல் பஸ் நிலையம்வரை நடந்து போய், ஒரு காரணமுமில்லாமல் திரும்பி வரலாம். அந்த ஆறு கிழமையும் நான் அதைத்தான் செய்தேன். விடுதியிலிருந்து பஸ் நிலையத்துக்கு, பஸ் நிலையத்திலிருந்து விடுதிக்கு.

இரண்டாம் வருடத்தில் அம்மா காலமானார். செய்தி கொண்டுவந்த கடிதம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பத்து நாளுக்குப் பிறகு கிடைத்தது. எழுதியவர் மச்சாள். 'அம்மா கடைசி நாலு மாசம் எழும்பல்ல. நான்தான் குளிக்க வாத்து, சோறு ஊட்டினேன். நல்லாச் சாப்பிட்டாங்க. நீங்க யோசிக்காம படிங்க' என்றிருந்தது. என்னை வரச்சொல்லி ஒரு சொல் இல்லை. இருந்திருந்தால் கோபித்துக்கொண்டாவது ஆறியிருப்பேன்.

இறுதிப் பரீட்சை எழுதி முடித்ததும், போகாமலிருக்க எனக்கு வேறு சாட்டுக் கிடைக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் உள்ளே போனேன். சோதனைச் சாவடியில் வெளியே வரும் வரிசை நீளமாக நின்றது. உள்ளே போக ஏழு பேர்தான். "ஏன் உள்ளுக்குப் போறது?" என்று கேட்ட இராணுவத்தானுக்கு, "வீடு" என்றேன்.

மச்சாள் மெலிந்து கறுத்திருந்தார். படலையடியில் நின்று என்னைப் பார்த்து, "கை கால் கழுவிட்டு வாங்க" என்றார், காலையில் சந்தைக்குப் போய் வந்தவளுக்குச் சொல்வதுபோல. அண்ணாவின் கடிதங்கள் ஒன்றரை வருடத்துக்கு முன்பே நின்றிருந்தன. அவர் அங்கே வேறொருத்தியோடு இருக்கிறார் என்ற கதை எனக்கு விடுதியிலேயே வந்தது, மச்சாளுக்கும் வந்திருந்தது. நான் அழுது, மன்னிப்புக் கேட்டு, ஆறு கிழமைக் கதையையும் சொன்னேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "முடிஞ்சது தங்கச்சி" என்றார்.

மறுநாள் கந்தோரில் என் முகத்தைக் காட்டினோம். கொப்பியில் அவருடைய பெயரை ஒரு கோட்டால் வெட்டினார்கள். ஒரு கிழமை கழித்து மச்சாள் கேட்டார்: "எனக்கு நீங்க பிணை நிப்பீங்களா? தோட்டத்தில எங்க பெரியக்கா இருக்கா. ஏழு நாள் பாத்துட்டு வாறன்."

நின்றேன். அதே மேசை, வேறு ஆள், அதே வசனம்.

எட்டாம் நாள் மத்தியானம் சந்தியில் பஸ் வந்தது. மச்சாள் இறங்கவில்லை. அடுத்த நாளும் போய் நின்றேன், அதற்கடுத்த நாளும். முதலில் பயம், வழியில் பிடித்துவிட்டார்களோ என்று. பிறகு மெல்ல மெல்லக் கோபம் வந்தது. படித்தவள் நான், எனக்கு வேலை வெளியே இருக்கிறது, இந்தக் கொட்டிலில் என்னை அடைத்துவிட்டுப் போய்விட்டாரே என்று வாய்விட்டே திட்டினேன். கொட்டிலின் ஓலைத் தட்டிகளுக்கு நடுவே எட்டடி நடந்தால் மற்றத் தட்டி வந்துவிடும். அந்த எட்டடிக்குள் அவர் மூன்று வருடம், அதில் நாலு மாதம் என் அம்மாவைத் தூக்கிக் கிடத்திக்கொண்டு, இருந்திருக்கிறார். புத்தகத்தில் படித்த எந்த முற்றுகையும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

பிறகு ஊருக்கு வந்த ஒருவர் கடிதம் கொண்டுவந்தார். 'தங்கச்சி, நான் வரல்ல. இங்க தையல் வேல கெடைச்சிருக்கு. உங்கள மாட்டி வச்சிட்டேன், தெரியும்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அடுத்த வருடம் பாதை திறந்தது. பாஸும் பிணையும் இல்லாமற் போயின. இன்று கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதே பாடத்தைப் படிப்பிக்கிறேன். பிள்ளைகளிடம் முழுப் புத்தகம் இருக்கிறது. ஒருவர் வெளியே போக இன்னொருவர் பிணை நிற்க வேண்டியிருந்தது என்றால் அவர்களுக்கு உரோமாபுரியை விடத் தூரத்துக் கதையாக இருக்கிறது.

பாதை திறந்த கிழமையே நான் பஸ் ஏறி மச்சாளிடம் போனேன். லயத்தின் கடைசி அறை. தையல் மெசினுக்குப் பக்கத்தில் பாய் விரித்துச் சோறு போட்டார். நான் சண்டை பிடிக்க வந்திருக்கிறேன் என்று எண்ணியிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"கோவமா?"

"ஓம். கோவமாத்தான் இருந்தனான்."

"எத்தன நாள்?"

"உங்கட கடிதம் வரும்வரைக்கும். பதினொரு நாள்."

மச்சாள் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார்.

"எனக்கு மூணு வருசம்" என்றார். பிறகு என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.