தூங்கட்டும் என்றாள் அம்மா

எங்கள் குடும்பத்தில் எட்டு வருஷம் நடந்த சண்டைக்கு நிலமோ நகையோ காரணம் கிடையாது. ஒரு மனுஷன் பகலில் தூங்கினான், அவனை யாரும் எழுப்பவில்லை. அவ்வளவுதான். வெளியாள் கேட்டால் சிரிப்பான். எனக்கு நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி, என் மாமா. ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர், மத்திகிரியில் வாடகை வீடு. அத்தை கர்நாடகப் பக்கத்துப் பெண். அந்த வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார்கள். நாங்கள் கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்துக் கிராமம். ரோஜாத் தோட்டமும் கொஞ்சம் கோஸும் தக்காளியும். மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அம்மாதான். அவர் முதன்முதலாகக் கம்பெனி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்த அன்று ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள் என்று அப்பா கிண்டல் செய்வார்.

என் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. எங்கள் பக்கம் அதை அக்காவே போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து, தம்பியின் கையில் கொடுக்க வேண்டும். அப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால் அம்மாவோடு நான் போனேன்.

அது மாமாவுக்கு நைட் ஷிஃப்ட் வாரம். காலை ஏழரைக்கு வந்து படுத்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தது பத்தரைக்கு. கதவைத் திறந்த அத்தை, தூங்குகிறார் என்பதை, "அவ்ரு மலகிதாரெ" என்று கன்னடத்தில் சொன்னாள். "உக்காருங்கக்கா, எழுப்பறன்" என்று உள்ளே திரும்பியவளை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம், எழுப்பாத. ராத்திரியெல்லாம் மெஷின்கிட்ட நின்னுட்டு வந்திருக்கறான். தூங்கட்டும்."

ஒன்றரை மணி நேரம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை சட்னி அரைக்கப் போனபோது, மிக்ஸி சத்தத்தில் அவன் எழுந்துவிடுவான், வேண்டாம் என்று அதையும் தடுத்தாள். பன்னிரண்டு மணியானதும், இன்னும் நாலு வீட்டுக்குப் போக வேண்டும் என்று தட்டை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். "அக்கா வந்துட்டுப் போச்சுன்னு சொல்லு" என்றாள். போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கித்தான் மாட்டினாள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மாமா நாலு மணிக்கு எழுந்து தட்டைப் பார்த்திருக்கிறார். அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரியப்பாவுக்குப் போன் போட்டார்.

"பத்திரிகைய என் கையில குடுக்க அவளுக்கு வலிக்குதா? கொரியர்காரனாட்டம் போட்டுட்டுப் போயிட்டா."

எழுப்ப வேண்டாம் என்று அக்காவேதான் சொன்னார்கள் என அத்தை உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அது எரிகிற நெருப்பில் எண்ணெயாகிவிட்டது. "எழுப்ப வேணாம்னா என்ன அர்த்தம்? என் மூஞ்சில முழிக்க இஷ்டமில்லன்னு அர்த்தம்!" இதைப் பெரியப்பா ஓர் எழுத்துக் குறையாமல் எங்கள் வீட்டில் வந்து கொட்டினார். அப்படிப்பட்ட வேலைக்கென்றே எல்லாக் குடும்பத்திலும் ஓர் ஆள் இருக்கிறார், எங்களுக்கு அவர்.

அம்மா ஒரு போன் செய்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். "என் தம்பிக்கு நான் வெளக்கம் சொல்லணுமா? அவனுக்கே தெரிய வேணாமா?" என்று உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. தாய்மாமன் போட வேண்டிய மாலையை யாரோ தூரத்து ஒன்றுவிட்ட மாமா போட்டார். அவர் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அம்மா மேடையில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள். மண்டபத்தைக் காலி செய்யும்போதுதான், "இனி அவன் எனக்குத் தம்பி இல்ல" என்றாள்.

நானும் சளைத்தவள் இல்லை. எனக்கும் தொழிற்பேட்டையில்தான் வேலை, குவாலிட்டி செக்‌ஷன். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் வாரத்துக்கு இரண்டு தரமாவது மாமாவைப் பார்ப்பேன். அவர் போனைப் பார்ப்பார், நான் ரோட்டைப் பார்ப்பேன். பத்தடி தூரம். "அம்மா மிக்ஸியைக்கூடப் போட விடலை மாமா" என்று ஒரு வரி சொல்ல எனக்கு எட்டு வருஷம் போதவில்லை. என் மாலையைக் கெடுத்தவர் என்ற ஆத்திரம் எனக்கு. முதலில் அவர் பேசட்டுமே என்றிருந்தேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருஷம் அம்மா படுத்தாள். இனி எழ மாட்டாள் என்று தெரிந்துபோன ஒரு நாள், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அவன் கோடி வராம என்ன எடுத்துடாதீங்க."

பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும், அதுதான் கோடி. அதைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். அம்மாவின் பிறந்த வீடு என்றால் மாமா ஒருத்தர்தான்.

"இப்பவே கூப்படறன்மா, வந்து பாக்கட்டும்" என்றேன்.

"வேணாம். உசுரோட இருக்கறப்ப அவனா வரணும்."

சாகக் கிடக்கிறவளை உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. செத்த பிறகு சேலை வேண்டும், இருக்கும்போது போன் கூடாது! கத்திவிட்டு வெளியே போனேன். ஆனாலும் அவள் பேச்சை மீறிப் போன் போடவில்லை. பத்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

எட்டு மணியிலிருந்து மாமாவுக்குப் போன் போட்டார்கள். சுவிட்ச் ஆஃப். பெரியப்பாவுக்கு அது போதும். "வேணும்னே ஆஃப் பண்ணி வெச்சிருக்கான். மத்தியானம் வரைக்கும் பாப்போம், அப்பறம் நம்மளே ஒரு சேலைய வாங்கிப் போத்தி எடுத்துடலாம்" என்றார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். ஹெல்மெட்டுக்குள் மாமாவைத் திட்டிக்கொண்டே மத்திகிரி வரைக்கும் போனேன். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அத்தைதான் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் திகைத்துப் போய், பழக்க தோஷத்தில், "அவ்ரு மலகிதாரெ" என்றாள்.

மறுபடி நைட் ஷிஃப்ட். அதே வாசல், அதே வார்த்தை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கி, போனை அணைத்துப் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். காலைப் பிடித்து உலுக்கினேன்.

"எழுந்திரிங்க மாமா! எழுந்திரிங்கன்னு சொல்றன் இல்ல!"

என் குரல் அம்மாவின் குரல் மாதிரியே இருக்கும் என்பார்கள். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அக்காவா? அக்கா வந்திருக்கா?"

"உங்கக்கா செத்துப்போச்சு. இதச் சொல்றதுக்கும் வாசல்லயே உக்காரணுமா நாங்க?"

எழுந்து உட்கார்ந்தார். "அன்னிக்கே இப்படி எழுப்பியிருக்கலாம் இல்ல" என்றார்.

அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டினேன். மடியில் தட்டோடு ஒன்றரை மணி நேரம், மிக்ஸி, கையில் தூக்கிய செருப்பு. அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமா சட்டையை மாட்டினார். பட்டன் மேலும் கீழுமாகப் போட்டிருந்தார், நான் சொல்லவில்லை.

வழியில் அரக்கு நிறத்தில் ஒரு சேலை வாங்கினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா தான் வாங்கி வைத்திருந்த சேலையோடு நின்றிருந்தார். அவர் கையிலிருந்து பிடுங்கி ஓரமாக எறிந்தேன். பெரியவர் என்றெல்லாம் பார்க்கவில்லை.

மாமா கோடியைப் போர்த்தினார். போர்த்திவிட்டு எழவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்து மெதுவாக அசைத்தார். "அக்கா, எழுந்திரிக்கா. நான்தான்க்கா." பிறகு பலமாக. பாடையே ஆடியது. பிணத்தை இப்படிப் போட்டு உலுக்கக் கூடாது என்று இரண்டு பேர் அவரை இழுக்க வந்தார்கள்.

விடுங்கள் என்றேன். எழுப்பட்டும்.