ஆவ்ராஸில் நிற்கும் வண்டி

ஓல்கினிலிருந்து ஹிபாராவுக்குப் போகும் வரிசையில் ஒன்பது கூலி வண்டிகள் நிற்கும். நிவால்தோ லேய்வாவின் வண்டிக்கு மட்டும் ஆட்கள் காத்திருப்பார்கள். வேகமான வண்டி இல்லை. சீட்டின் சுருள்கம்பி முதுகில் குத்தும். ஆனால் இருபது வருடத்தில் அவன் வண்டியில் ஒரு சக்கரம்கூடக் கழன்றதில்லை. இந்தச் சாலையில் மற்ற எந்த டிரைவரும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

அதற்குமுன் சர்க்கரை ஆலையில் டிராக்டர் பிரிவில் இருந்தான். ஆலையை மூடினார்கள். கூலி வண்டி ஓட்ட வந்த முதல் மாதம், அக்வாஸ் கிளாராஸ் இறக்கத்தில் முன்னால் போன லாரியை அதன் சக்கரமே முந்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்தான். சக்கரம் ஒரு வீட்டு வாசலில் போய் விழுந்தது. வாசலில் யாரும் இல்லை. அன்றிலிருந்து, மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் அவன் வழியிலுள்ள ஆவ்ராஸ் ஊரில் நிறுத்துவான். ஸ்பேனரை எடுத்து இருபது நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பான். பிறகுதான் கிளம்புவான்.

மெக்கானிக்கின் பட்டறையிலேயே பார்க்கலாமே என்று யாரும் கேட்டதில்லை. ஓல்கினில் அது நடக்காது. மெக்கானிக் கண்முன்னால் நட்டில் கை வைப்பது, விருந்துக்குப் போன வீட்டில் வாயில் வைக்குமுன் உப்பு கேட்பது மாதிரி. நட்டை இறுக்கும்போது வண்டிக்காரன் காப்பியைக் குடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்க வேண்டும். நிவால்தோவும் பார்ப்பான். இருபது வருடமாக மெக்கானிக் எலிசியோவின் பட்டறையில் மாமரத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

நான்கு மாதத்துக்கு முன் தன் ரஷ்ய வண்டியை விற்றுவிட்டு ஐம்பத்தேழாம் வருடத்து டாட்ஜ் கார் ஒன்றை வாங்கினான். எட்டுப் பேர் உட்காரலாம். எஞ்சின் ஒரு லாரியுடையது. முன் அச்சு வேறொரு ரஷ்ய வண்டியுடையது. பின் அச்சு மட்டும் பிறந்ததிலிருந்து கூடவே இருப்பது. அவன் கைக்கு வந்தபிறகு முதல்முறையாகச் சக்கரத்தைக் கழற்றியது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். பின் பிரேக் கிறீச்சிட்டது. எலிசியோ காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிட்டான்.

"இனி கத்தாது கொம்பாய். ஓட்டிட்டுப் போ." கூட்டாளிகளை எலிசியோ கொம்பாய் என்றுதான் கூப்பிடுவான்.

"கை வச்சது நீயாச்சே" என்றான் நிவால்தோ. மாமரத்திலிருந்து கண்ணை எடுத்தான்.

எட்டு சீட்டும் நிறைந்தது. முன்னால் செனைதா. ஹிபாரா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருடமாக அவன் வண்டிதான். ஆவ்ராஸில் அவன் ஓரம் கட்டியதும் பின்னாலிருந்து ஒருவன் கொட்டாவி விட்டான்.

"ஆரம்பிச்சுட்டான்பா. பொண்டாட்டியைக்கூட இவ்வளவு சந்தேகப்பட மாட்டான்."

"பொண்டாட்டி கழண்டு போனா அவனுக்கு மட்டும்தான் கஷ்டம்" என்றாள் செனைதா. "சக்கரம் கழண்டா நமக்கும் சேத்து. வாயை மூடிக்கிட்டு உக்காரு."

வலப்பக்கம் இரண்டு சக்கரமும் சரியாக இருந்தன. இடது முன் சக்கரமும் சரி. இடது பின் சக்கரத்தில் ஸ்பேனரை வைத்து வலப்பக்கமாக அழுத்தினான். முதலில் அசையவில்லை. காலால் மிதித்தான். கடக்கென்று ஒரு சத்தம், பிறகு அரைச் சுற்று கனமாக நகர்ந்து நின்றது. அடுத்ததும் நகர்ந்தது. ஐந்தும் நகர்ந்தன.

நிமிர்ந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது.

"அஞ்சும் லூசு. ஒண்ணுகூட இறுக்கல எலிசியோ. நம்ம எல்லாரையும் கொன்னிருப்பான்."

செனைதா சிலுவை போட்டுக்கொண்டாள். கொட்டாவி விட்டவன் வண்டியிலிருந்து இறங்கி வந்து அவன் தோளைத் தட்டினான்.

அடுத்த பத்து கிலோமீட்டரும் எலிசியோவைப் பற்றியே பேச்சு. குடிக்கிறானா, கண் போய்விட்டதா என்று. கடல் தெரிய இன்னும் ஒரு வளைவு இருக்கும்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது. தகரத்தில் யாரோ கரண்டியால் தட்டுவது மாதிரி. வண்டி இடப்பக்கம் இழுத்தது. நிவால்தோ பிரேக்கை மெதுவாகத் தொட்டு ஓரம் கட்டினான்.

இடது பின் சக்கரத்தில் ஒரு நட் இல்லை. மற்ற நான்கும் விரலால் சுழன்றன. எட்டுப் பேரும் இறங்கிப் பின்னால் நின்றார்கள். அவன் ஸ்பேனரை வைத்து வலப்பக்கமாகத் திருகினான். திருகத் திருக நட் வெளியே வந்தது. முழுவதும் வந்து உள்ளங்கையில் விழுந்தது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மீண்டும் மாட்டி, இடப்பக்கமாகத் திருகினான். ஏறியது. இன்னும் திருகினான். இறுகியது.

பழைய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரத்துக்கு மரை தலைகீழாக, இடப்பக்கம் திருகினால் இறுகும்படி, இருக்கும் என்று ஆலையில் யாரோ சொன்னது நினைவு வந்தது. அவன் பார்த்ததில்லை. எலிசியோ சரியாக இறுக்கியிருந்தான். ஆவ்ராஸில் காலால் மிதித்துத் தளர்த்தியது இவன்.

"பாத்தியா?" என்றாள் செனைதா. "நீ இறுக்கினதுக்கு அப்புறமும் இப்படின்னா அந்த ஆள் உள்ள என்னத்தப் பண்ணி வச்சிருக்கான்? அவன் கையில யாரும் வண்டி குடுக்கக் கூடாது. நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

நிவால்தோ சக்கரத்தின் பக்கம் குனிந்தான். நான்கு நட்டையும் இடப்பக்கமாக இறுக்கினான். எந்தப் பக்கம் திருகுகிறான் என்று யாரும் கவனிக்கவில்லை. ஹிபாராவில் அவர்களை இறக்கிவிட்டான். செனைதா அவன் கையைப் பிடித்து, "நீ இல்லன்னா இன்னிக்கு நாங்க இல்லப்பா" என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

திரும்பி ஓல்கின் வருவதற்குள் கதை வந்துவிட்டிருந்தது. வரிசையில் ஆள் கூப்பிடும் பிச்சோ, கையை ஒலிபெருக்கி மாதிரி குவித்துக்கொண்டு, "ஹிபாரா! ஹிபாரா! எலிசியோவையே ஜெயிச்ச நிவால்தோ வண்டி!" என்று கத்தினான். இரண்டு டிரைவர்கள் இனி எலிசியோவிடம் போவதில்லை என்றார்கள். நிவால்தோ ஆள் ஏற்றாமல் பட்டறைக்கு ஓட்டினான்.

மாமரத்தடியில் ஒரு வண்டி ஜாக்கியில் நின்றது. எலிசியோ அதைத் தொடாமல் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்திருந்தான்.

"கேள்விப்பட்டேன்" என்றான். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல."

"காலைலேர்ந்து யோசிக்கிறேன் கொம்பாய். இறுக்கின மாதிரிதான் இருக்கு. ஆனா கை மட்டும் ஞாபகத்துல வரமாட்டேங்குது. ரெண்டு பசங்க வண்டி இது, நாளைக்கு சாந்தியாகோ வரைக்கும் போறாங்க. எடுத்துட்டுப் போயிடுங்கன்னு சொல்லிட்டேன். என் கைய நானே நம்பல."

இங்கேயும் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். எலிசியோவே ஒப்புக்கொண்டாகிவிட்டது. நிவால்தோ அவன் முன்னால் போய் நின்றான்.

"நீ இறுக்கித்தான் இருந்த. நான்தான் கழட்டினேன். வலப்பக்கமா."

எலிசியோ தலையைத் தூக்கினான். புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு கையிலிருந்த துணியைத் தரையில் அடித்தான்.

"தலைகீழ் மரைடா அது! இங்கயே பாத்திருந்தா நான் சொல்லியிருப்பேன்ல?"

"உன் முன்னாலயா? எப்படிப் பாக்குறது?"

எலிசியோ எழுந்து போய், ஜாக்கியில் நின்ற வண்டியின் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தான். குறைந்த நட்டுக்கு ஒன்று தேடிக் கொடுத்தான். காப்பி கொடுக்கவில்லை.

மறுநாள் காலை செனைதாவும் மற்றவர்களும் வழக்கம்போல் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். நிவால்தோ ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்ற டிரைவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான். எலிசியோ மேல் தப்பில்லை, அந்த நட்டெல்லாம் இடப்பக்கம் திருகினால்தான் இறுகும், தெரியாமல் நான் கழற்றிவிட்டேன், நேற்று சாலையிலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீயா?" என்றான் பிச்சோ. வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு பலர் சிரித்தார்கள்.

செனைதா சிரிக்கவில்லை.

"அப்போ நேத்து ஆவ்ராஸ்ல நிக்காம போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது?"

"ஆகியிருக்காது."

"தெரிஞ்சதுக்கு அப்புறமும் நான் கையப் பிடிச்சுச் சொன்னப்ப சும்மா நின்ன."

"ஆமா."

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி அடுத்த வண்டிக்குப் போனாள். அவள் பின்னால் மூன்று பேர் இறங்கினார்கள். பிச்சோ கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தான். யாரும் வரவில்லை. வரிசை நகர வேண்டும் என்று மற்ற டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

பின் சீட்டில் ஒரு கிழவர், ஹிபாராவில் மகளைப் பார்க்கப் போகிறவர், நெருக்கமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, முன் சீட்டு காலியாதானே இருக்கு? அங்க வந்து உக்காந்துக்கவா? காலு நீட்டலாம்."

"வாங்க" என்றான் நிவால்தோ. கதவைத் திறந்துவிட்டான். நான்கு பேரோடு வண்டி கிளம்பியது.