மூன்றாய் மடித்த கயிறு

நான் பள்ளிக்கூடத்தின் பக்கம்கூடப் போனதில்லை. வாய் மட்டும் வாத்தியார் மாதிரி பேசும். கானாடுகாத்தானில் கட்டும் வீடுகளுக்குத் தேக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரன் நான். மரம் கட்டும் கயிறு எல்லாரையும்விட எனக்குத்தான் நீளம் என்று பீற்றிக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் இறைக்கப் போனவன், பாசி வழுக்கிக் கிணற்றுக்குள் விழுந்தேன். நீச்சல் தெரியாது. சுவரில் துருத்திய கல்லைப் பிடித்துத் தொங்கினேன். விரல்கள் நழுவிக்கொண்டே இருந்தன.

"மாயாண்டி, என் கயித்தப் போடுடா. பழசு, அத்துரும். மூணா மடிச்சுப் போடு" என்று கூட வந்த வண்டிக்காரனிடம் கத்தினேன்.

போட்டான். நுனி என் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"ஊருலயே நீளமுன்னு சொன்னீகளே மாமா" என்றான் படுபாவி.

குடமும் கயிறுமாய் வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "என் கயித்த ரெண்டா மடிச்சுப் போடுங்க. புதுசு, தாங்கும்" என்றாள்.

"அது குட்டையாச்சே தாயி" என்றேன், தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

"ரெண்டாத்தானே மடிக்கிறோம். இன்னமும் பேசிக்கிட்டே இருக்கீகளே, பிடிங்கண்ணே."

அந்தக் குட்டைக் கயிறு என் நெஞ்சுவரை இறங்கியது. பிடித்துக்கொண்டு மேலே வந்தேன்.

அந்த வாரமே ஒரு மாளிகையில் மரம் இறக்கினோம். எப்போதும் மாளிகையின் பெரிசைப் பார்த்து வாயைப் பிளக்கிறவன் அன்று, "இது எத்தன பங்காளிகளுக்கு? எத்தனையா மடிக்கணும்?" என்று கேட்டேன். கணக்குப்பிள்ளை முறைத்தார். எனக்கு இருப்பது ஒரு குடிசை. அதற்கு நான் ஒருத்தன்தான்.