பக்கத்து வீட்டு இரண்டாம் கோல்கீப்பர்

வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த செர்பியாக்காரர் அவர் ஊரில் கால்பந்து கோல்கீப்பராக இருந்தவர் என்பதைக் கண்டுபிடித்தது என் மனைவி. குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளும் நேரத்துக்குள் ஒரு மனிதரின் மொத்த ஜாதகத்தையும் வாங்கிவிடுவது அவளுக்குக் கைவந்த கலை. அன்று மாலையே செய்தி எங்கள் கிரிக்கெட் அணியின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

எங்கள் அணி என்பது தொப்பையும் கிரீன் கார்டு கவலையும் சேர்ந்து வளர்ந்த தமிழ்க் கணினிக்காரர்களின் கூட்டம். விக்கெட் கீப்பர் நான். அலுவலக மீட்டிங்கில் என்னைப் பேச விடமாட்டார்கள். வீட்டில் மகள், நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும்தான் நான் கத்துவதை நாலு பேர் கேட்பார்கள். அந்த இடம் எனக்கு உயிர்.

கேப்டனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? "லைஃப் ஃபுல்லா பால் புடிச்சே சம்பாதிச்ச மனுஷன்யா. இவரை விட்டுட்டு வேற யாரைக் கீப்பரா போடறது?" என்று குழுவில் எழுதினார். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். மானம் போகக் கூடாதென்று நானும் தூக்கினேன்.

அவர் கிரிக்கெட்டை அதுவரை பார்த்ததே இல்லை. ஆனால் பந்து எந்தப் பக்கம் போனாலும் பாய்ந்து பிடித்தார். பிடித்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புல்லில் குப்புறப் படுத்துவிட்டார். கால்பந்தில் நேரம் கடத்த அப்படித்தான் செய்வார்களாம். இவர் படுத்திருக்க, எதிரணி ஓடி ஓடி ரன் எடுத்துக்கொண்டிருந்தது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அது நிலைக்கவில்லை. எழுந்து பந்தை எறிய மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். கற்றுக்கொண்டும்விட்டார். அதன்பிறகு நான் மைதானத்துக்கு வெளியே மடக்கு நாற்காலியில், தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல்.

அரையிறுதி ஆட்டத்தில், நாங்கள் பந்து வீசும்போது விட்ட தண்ணீர் இடைவேளையில் அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மூஞ்சியைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, தன் கதையைச் சொன்னார். போன கிளப்புகளில் எல்லாம் அவர் இரண்டாம் கோல்கீப்பர்தான். கையுறை மாட்டி, உடம்பைச் சூடாக்கி, பெஞ்சில் போய் உட்கார வேண்டியது. கடைசி கிளப்பின் முதல் கோல்கீப்பர் அவருக்கு உயிர் நண்பர். இவர் மகனுக்கு ஞானத்தந்தையும்கூட.

"ஒவ்வொரு மேட்ச்சுலயும் அவனுக்கு விரல் உடையணும்னு கையைக் கோத்துக்கிட்டு வேண்டிக்குவேன்" என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். "நீ எனக்கு எது உடையணும்னு வேண்டிக்கற?"

"முழங்கால்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இனி முடியாது என்று கேப்டனிடம் கத்திவிட்டு, கையுறைகளை என் மடியில் போட்டார். அவசரமாக மாட்டிக்கொண்டேன். நிஜமாகவே வலிக்கிறதா என்றுகூடக் கேட்காமல் ஓடினேன்.

முதல் பந்து நேராகக் கைக்கு வந்தது. விட்டுவிட்டேன். கேப்டன் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் வெளியே திரும்பிப் பார்த்தேன். மடக்கு நாற்காலியில் அவர் கண்ணை மூடி, கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.